அங்கீகரிக்கப்பட்ட மூச்சு

உங்களில் யாருக்காவது குரல் ஆவண அலுவலகத்தில் வேலை என்றால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் உங்களைச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்து மேசைக்காரரைச் சொல்கிறேன்.

ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். பஞ்சர் ஒட்டுவார், செயின் மாற்றுவார், கோணல் சக்கரத்தைத் தட்டி நேராக்குவார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அதில் அவரும் அவருடைய அக்காவும். அக்கா சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். தையல்கடைகளிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளில் பொத்தான் துளைகளைச் சுற்றிக் கையால் தைத்துக் கொடுப்பாள். வலது கண் சின்ன வயதிலேயே அம்மை வார்த்துப் போய்விட்டது. இடது கண் ஒன்றை வைத்துக்கொண்டே நாற்பது வருடம் ஊசி கோத்தவள். இப்போது அந்தக் கண்ணிலும் புரை. இரண்டு மாதமாக ஊசி அவள் கையில் இருந்தது, நூல் அவள் கையில் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "புரை நல்லா முத்திடுச்சு. இருபத்தெட்டாம் தேதி வெளியூர்லேர்ந்து பெரிய டாக்டர் வர்றார். அன்னைக்கே பண்ணிடலாம். விட்டா அவர் வர ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிட்டா, அப்புறம் பண்ணியும் பிரயோஜனம் இல்ல."

"எங்களுக்கு நாளைக்கே சம்மதம்மா" என்றார் சைக்கிள்காரர்.

"உங்க சம்மதம் எனக்குப் போதும். ஆபீசுக்குப் போதாது" என்று டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார்.

முன்பெல்லாம் கைரேகை வைத்தால் போதுமாம். யாரோ ஒருவர், 'ரேகை என்னுடையதுதான், மனசு என்னுடையதில்லை' என்று வழக்குப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சம்மதத்தைக் குரலில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முப்பது விநாடிக்கு மிகாமல். நோயாளியின் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லாமல். அதைச் சோதித்துச் சான்று கொடுக்கத்தான் குரல் ஆவண அலுவலகம். நான்கு மாடி. வாசலில் பெரிய எழுத்தில் 'ரேகை பொய் சொல்லும், குரல் சொல்லாது' என்று எழுதியிருக்கிறது.

நான்காம் தேதி மத்தியானம் வீட்டிலேயே பதிவு செய்தார்கள்.

"என்ன சொல்லணும்னு இதுல எழுதியிருக்குக்கா. நீயே படிச்சிடுறியா?"

"எழுத்துத் தெரிஞ்சா எனக்கு எதுக்குடா ஆபரேஷன்? நீ படி, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

இரண்டு தடவை கேட்டாள். பிறகு சைக்கிள்காரர் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினார். அக்கா ஆரம்பித்தாள்: "என் இடது கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சைக்கு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி..."

வெளியே வெயிலில் நின்றிருந்த ஒரு சைக்கிளின் டியூப் டப்பென்று வெடித்தது.

நாற்பது வருடம் சைக்கிள் கடைக்குப் பின்னால் குடியிருப்பவளுக்கு டியூப் வெடிப்பது கடிகாரம் மணி அடிப்பது மாதிரி. பேச்சைக் கொஞ்சம் நிறுத்தினாள். ஒரு மூச்சு இழுத்தாள். "...முழு மனதோடு சம்மதிக்கிறேன்" என்று முடித்தாள்.

அனுப்பிய மறுநாளே பதில் வந்தது. அலுவலகத் தரைத்தளத்தில் ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் ஓர் அதிகாரி. சைக்கிள்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"வெடிச்சது என்ன?"

"டியூப்பு சார்."

"நீங்க டியூப்புன்னு சொல்றீங்க. கேக்குறவங்களுக்கு அது டியூப்புன்னு எப்படித் தெரியும்? 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி'ன்னு அந்த அம்மா சொல்லும்போது டப்புனு ஒரு சத்தம். அப்புறம் ஒரு அமைதி. அப்புறம் 'சம்மதிக்கிறேன்'. எனக்கே பயமா இருந்துச்சு."

"அப்ப மறுபடியும் பேசி எடுத்துட்டு வந்துடறேன் சார். அஞ்சு நிமிஷ வேலை."

"அதெப்படி? ஒரு நோயாளிக்கு ஒரு பதிவு. முதல் தடவை பேசுறது சம்மதம். ரெண்டாவது தடவை பேசினா அது ஒத்திகை."

"சரி சார், அப்ப என்னதான் பண்ண?"

"சத்தம் இல்லாம கொண்டுவாங்க."

கடை வரிசையில் கடைசியாக ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற அம்மா கம்ப்யூட்டரில் எல்லாம் செய்வார். சைக்கிள்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுட்டு வர்றீங்க? உக்காருங்க."

திரையில் அக்காவின் குரல் பச்சை நிறத்தில் படமாக விரிந்தது.

"இதோ மேடும் பள்ளமுமா இருக்கு பாருங்க, இது பேச்சு. தட்டையாக் கோடு மாதிரி கிடக்குதே, அது சும்மா இருக்கற நேரம். நடுவுல ஒத்தைக் கம்பமா ஒண்ணு நிக்குது பாருங்க..."

"எங்க டியூப்பு!"

"அதேதான். இப்ப இதைப் பெருசு பண்ணிக்கிறேன். மவுசால கம்பத்தை மட்டும் வளைச்சுப் பிடிக்கிறேன். நடுக்கோட்டுல ஆரம்பிச்சு நடுக்கோட்டுலயே முடிக்கணும். மேட்டுலயோ பள்ளத்துலயோ வெட்டினா, ஒட்டுற இடத்துல டிக்குனு கேக்கும்."

"பஞ்சர்லயும் அதேதாங்க. ஓரத்தைத் தேய்க்காம ஒட்டினா காத்து பிடிக்காது."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இதோ, டிலீட்." ஒரு தட்டு. கம்பம் போயிற்று. இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தித் திருப்பிக் கொண்டுவந்து காட்டிவிட்டு, மறுபடியும் தட்டினார். இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டன. "கேளுங்க."

சைக்கிள்காரர் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கேட்டார். அக்கா, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, ஒரு மூச்சு இழுத்து, முழு மனதோடு சம்மதித்தாள். ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. அவர் தொழிலில் இதற்குப் பெயர் சுத்த வேலை.

"அசலை அப்படியே வச்சிருக்கேன். நகல்லதான் வெட்டினேன். எப்பவுமே அசல்ல கை வைக்கக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தார் ஜெராக்ஸ்கடை அம்மா. மொத்தம் நாலு நிமிடம் ஆயிற்று. இந்த நாலு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என் கண்ணுகளா, ஏனென்றால் இனி வரப்போவது இருபது நாள்.

ஜன்னல் அதிகாரி வெட்டின பதிவைப் போட்டுக் கேட்டார். மறுபடியும் கேட்டார். முகம் சுருங்கியது.

"அந்த டப்பு எங்க?"

"வெட்டியாச்சு சார்."

"வெட்டினது எங்க?"

"வெட்டினா... போயிடும்ல சார்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, ஆஸ்பத்திரியில ஒருத்தர் காலை எடுத்தா, எடுத்த காலைக் காட்டுவாங்களா இல்லையா? நீங்க ஒரு சத்தத்தை வெட்டிட்டு வெறுங்கையை வீசிட்டு வர்றீங்க. நாளைக்கு யாராவது வந்து அந்த டப்பைக் கேட்டா நாங்க எதைக் கொடுக்குறது?"

"அந்த டப்பை யார் சார் கேக்கப் போறாங்க?"

"அதைத்தான் எங்களால சொல்ல முடியாது. அதனாலதான் வெளி வெட்டு செல்லாது. அசலைக் கொண்டுவாங்க. நாங்களே வெட்டிக்கிறோம். முதல் மாடி."

முதல் மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். முதல் அறை தேர்வுப் பிரிவு. அடுத்த அறை வெட்டுப் பிரிவு. நடுவில் சுவர். கம்ப்யூட்டரும் திரையும் தேர்வுப் பிரிவில் இருந்தன. அங்கே ஓர் எழுத்தர் மவுசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீபோர்டைக் காணோம். மேசையிலிருந்து ஒரு கறுப்பு வயர் இறங்கி, தரையில் ஓடி, சுவரில் போட்ட ஓட்டை வழியாக அடுத்த அறைக்குள் போயிற்று. சைக்கிள்காரர் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நடுத்தர வயது அம்மா, திரையே இல்லாத மேசையில், கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது?" என்று மவுஸ் எழுத்தரிடம் கேட்டார்.

"பொறுப்பைப் பிரிச்சிருக்கோம். எதை வெட்டணும்னு தீர்மானிக்கிறவர் வெட்டக் கூடாது. வெட்டுறவர் எதை வெட்டுறோம்னு பார்க்கக் கூடாது. அப்பதான் நடுநிலைமை."

"காதுல மாட்டிக் கேக்கறது?"

"காதுக்குழாய் கேள்விப் பிரிவுக்குச் சொந்தம். அவங்க ரெண்டாவது மாடி. நாங்க படத்தைப் பார்த்தே பண்ணிடுவோம்."

சொன்னபடியே படத்தைப் பார்த்தார். கம்பத்தைக் கண்டுபிடித்தார். மவுசால் வளைத்துப் பிடித்தார். பிறகு சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். பதில் வரவில்லை. தட்டு காதில் விழுந்த அதே நேரம் கீபோர்டு அம்மா கையெழுத்துப் போட எங்கோ எழுந்து போய்விட்டார். இவர் காத்திருந்தார். மவுசில் கை வைத்தபடியே டீ குடித்தார். ஒரு தும்மல் போட்டார். தும்மலில் கை நகர்ந்தது. கையோடு மவுஸ் நகர்ந்தது. திரையில் பிடித்த இடம் வலது பக்கமாகத் தாவி வேறு எதையோ வளைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கீபோர்டு அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு தட்டுக்கு டிலீட் பாக்கி இருப்பது ஞாபகம் வந்து, கடமை உணர்ச்சியோடு அழுத்தினார்.

"சார், போச்சு சார்! அங்க இருந்தது 'சம்மதிக்கிறேன்' சார்! கம்பம் அப்படியே நிக்குது பாருங்க!"

மவுஸ் எழுத்தர் பார்த்தார். கம்பம் நின்றது. அக்கா இப்போது, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, ஒரு வெடிச் சத்தத்துக்குப் பிறகு, முழு மனதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"பின்னாடி போற பட்டன் ஒண்ணு இருக்குமே சார். ஜெராக்ஸ் கடையில அந்தம்மா ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினாங்க, வெட்டினது திரும்பி வந்துடுச்சு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கீபோர்டு அம்மா குரல் கொடுத்தார்: "அந்த ரெண்டு பட்டனும் இதுல இல்லைங்க. பேத்து எடுத்து இயக்குநர் டிராயர்ல வச்சிருக்காங்க."

"எதுக்கும்மா?"

"செஞ்ச வேலையை இல்லேன்னு ஆக்குற அதிகாரம் அவருக்கு மட்டும்தான்."

"என் போன்ல அசல் இருக்கும்மா. திரும்பவும் ஏத்திடலாமே?"

"உங்க போன்ல இருக்கறது இப்ப வெளிப்பதிவு. உள்ள வந்ததுதான் அசல்" என்றார் மவுஸ் எழுத்தர்.

"அசல்லயேவா சார் வெட்டினீங்க? நகல் எடுக்காம?"

"நகல் பிரிவு தனி. அதுக்கு நீங்க மனு கொடுக்கலையே."

இயக்குநர் வெளியூர் போயிருந்தார். பத்து நாள். 'விரைவான சேவை' என்ற தலைப்பில் பயிற்சி.

வீட்டில் அக்கா சட்டை மூட்டையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏன்டா, நான் சம்மதிக்கிறேன்னுதானே சொன்னேன்? அதுக்கு நான் வாயைத் திறந்தது தப்பாப் போச்சா?" என்றாள். அன்றைக்கு அவள் விளக்கைச் சுற்றி நிறவளையம் தெரிகிறது என்றும், நெற்றிப் பக்கம் லேசாக வலிக்கிறது என்றும் சொன்னாள். சைக்கிள்காரர் டாக்டரம்மாவிடம் ஓடினார். அவர் சொட்டு மருந்து கொடுத்து, "இருபத்தெட்டை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

பத்தொன்பதாம் தேதி இயக்குநர் வந்தார். நாலாவது மாடி. மேசை மேல் ஒன்றுமே கிடையாது. அவ்வளவு பெரிய பதவி.

"உக்காருங்க" என்றார் அன்பாக. "உங்களை மாதிரி சாதாரண மக்களுக்காகத்தான் இந்த அலுவலகமே. நான் பொறுப்பேத்து ஏழு வருஷம் ஆச்சு. இந்த ஏழு வருஷத்துல ஒரு தவறான சம்மதம்கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போனதில்லை."

"சரியானது போயிருக்கா சார்?"

"அதுக்குத் தனிப் புள்ளிவிவரம் நாங்க வச்சுக்கறதில்லை. தவறைத் தடுக்கறதுதான் எங்க வேலை. சரியானதை ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துக்கணும்."

டிராயரைத் திறந்தார். வெல்வெட் வைத்த ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இரண்டு பட்டன்கள், கம்மல் மாதிரி. பெட்டியை ஏந்திக்கொண்டு இயக்குநர் முன்னால் நடக்க, சைக்கிள்காரர் பின்னால் நடக்க, மாடி மாடியாக இறங்கினார்கள். வழியில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். கீபோர்டு அம்மா பட்டன்களை இடத்தில் பொருத்தினார். இயக்குநர் இரண்டு விரலால் அழுத்தினார். 'சம்மதிக்கிறேன்' திரும்பி வந்தது. யாரோ கைதட்டினார்கள்.

இந்தத் தடவை தும்மல் வரவில்லை. கம்பம் வெட்டப்பட்டது. வெட்டிய வெடிச்சத்தத்தை ஒரு தனிக் கோப்பில் போட்டு, 'வெடிப்பு ஒன்று, அரை விநாடி, உரிமையாளர்: டியூப்' என்று எழுதி அலமாரியில் பூட்டினார்கள். சைக்கிள்காரர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் மவுஸ் எழுத்தர். "இன்னும் இரைச்சல் இருக்கே."

"என்ன இரைச்சல் சார்?"

"தட்டையா இருக்க வேண்டிய கோடு லேசா நடுங்குது பாருங்க. வீட்டுல ஃபேன் ஓடியிருக்கு. அதை மெஷினே துடைச்சிடும். ஆனா இரைச்சல்னா எதுன்னு முதல்ல அதுக்குக் காட்டிக் கொடுக்கணும். பேச்சு இல்லாத ஒரு இடத்தைப் பிடிச்சுக் காமிச்சா, 'ஓகோ, இதான் குப்பை'ன்னு கத்துக்கிட்டு, அந்த மாதிரி எங்க இருந்தாலும் துடைச்சிடும்."

பேச்சு இல்லாத இடத்தை அவர் தேடினார். அக்கா வளவளவென்று நிறுத்தாமல் பேசுகிற ஆள். ஒரே ஓர் இடத்தில்தான் நிறுத்தியிருந்தாள். டியூப் வெடித்ததும் மூச்சு இழுத்தாளே, அங்கே. அதைப் பிடித்துக் காட்டினார். மெஷின் கற்றுக்கொண்டது. அடுத்த அறையிலிருந்து கீபோர்டு அம்மா அழுத்தினார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, ஃபேன் சத்தத்தோடு சேர்த்து அக்காவின் மூச்சு அத்தனையும் போயிற்று. சின்னது, பெரியது, 'கண்ணில்' என்பதற்கு முன்னால் ஒன்று, 'முழு'வுக்கு முன்னால் ஒன்று, ஒன்று மிச்சமில்லை. கோடு கண்ணாடி மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"ஆஹா" என்றார் மவுஸ் எழுத்தர். "இதுதான் சார் சுத்தம்."

மூன்றாவது மாடி உயிர்ப்புப் பிரிவு. சம்மதம் சொன்னவர் சொன்ன நேரத்தில் உயிரோடு இருந்தாரா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அங்கேயிருந்த அதிகாரி சாந்தமானவர். கேள்விப் பிரிவிலிருந்து இரவல் வாங்கிய காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கழற்றினார். சைக்கிள்காரரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்ப நடந்துச்சு?"

"எது சார்?"

"அவங்க தவறினது."

"ஐயா, எங்கக்கா வீட்ல உக்காந்திருக்கா!"

"இதுல மூச்சே இல்லையேங்க. இருபது விநாடி ஒருத்தர் மூச்சே விடாம பேசுறார்னா என்ன அர்த்தம்? நான் பதினோரு வருஷமா இதைப் பார்க்கிறேன்." பச்சை மையில் எழுதினார்: 'குரல் உண்டு. உயிர் ஐயத்துக்குரியது.'

இருபத்துநாலாம் தேதி அக்காவையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். லிஃப்ட் அலுவலர்களுக்கு மட்டும். கையைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் காலால் தடவி மூன்று மாடி ஏறினாள். உயிர்ப்பு அதிகாரி முன்னால் வந்து நின்றபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. அந்தத் தளம் முழுக்கக் கேட்டது.

"பாருங்க சார், நல்லாக் கேளுங்க" என்றார் சைக்கிள்காரர்.

அதிகாரி கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கோப்புல இல்லையே."

அக்கா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். "தம்பி, நீங்க எனக்குத் தம்பி வயசுதான் இருப்பீங்க, அதனால சொல்றேன். என்னைச் செத்தவள்னு எழுதினீங்களாமே. எழுதினது எழுதினதா இருக்கட்டும். செத்தவளுக்குக் கண்ணு எதுக்குன்னு ஆபரேஷனையும் நிறுத்திடாதீங்க."

"அம்மா, நான் செத்துட்டீங்கன்னு எழுதலை. ஐயம்னு எழுதினேன். உங்க நல்லதுக்குத்தான்."

"எடுத்தது நீங்க. என் மூச்சை நீங்கதான் துடைச்சீங்க. அதைத் திருப்பி வச்சிடுங்களேன்."

"துடைச்சதைச் சேர்த்து வைக்கிற விதி வெட்டுக்குத்தான் இருக்கு. துடைப்புக்கு இல்லை. துடைச்சது குப்பை, பதிவேட்டுல ஏறாது."

"இதோ நிக்கிறேன். இப்ப விடுறதை எடுத்துக்குங்க."

"ரெண்டாவது பதிவா? ஒத்திகை ஆயிடுமேம்மா!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்களே, அந்த அலுவலகத்தில் மூச்சு விடுகிற மனுஷியை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தார்கள். அக்காவுக்கு உட்கார நாற்காலி போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் நாற்காலி உயிருள்ளவர்களுக்காம். சைக்கிள்காரர் அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினார். கத்தியது என்னவென்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் அதைத்தான் கத்தியிருப்பீர்கள்.

சத்தம் கேட்டு இயக்குநரே இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். சிரித்தார்.

"இதுக்கு ஒரு வழி இருக்கே. அங்கீகரிக்கப்பட்ட மூச்சு."

"அப்படின்னா?"

"இந்தக் கட்டடத் திறப்பு விழாவுல நான் பேசினேன். பேச்சு நாலு மணி நேரம். அதுல நடுவுல நான் ஒரு மூச்சு எடுத்தேன். தரமான கருவியில பதிவானது. குழு போட்டு ஆராய்ஞ்சு, இது மூச்சுதான்னு சான்று கொடுத்திருக்காங்க. இந்த அலுவலகத்துக்குச் சொந்தமா இருக்கற ஒரே மூச்சு அதுதான். எங்கெல்லாம் காலியா இருக்கோ அங்கெல்லாம் ஒட்டிடுங்க. மக்களுக்காக என் மூச்சையே கொடுக்கிறேன், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். ஐந்து இடத்தில் ஒட்டினார்கள். அந்தக் காலியிடங்கள் சின்னவை. இயக்குநரின் மூச்சு நீளமானது, கனமானது, கொஞ்சம் சளி கட்டியது. அதனால் ஓரங்களை வெட்டி, குரல் வரும்போது மெல்ல அடங்குகிற மாதிரி இழைத்துவிட்டார்கள். கேட்டால், மெலிந்த பெண் குரல் ஒன்று நாலு வார்த்தை பேசுவதும், நடுநடுவே ஒரு தடித்த ஆண் பெருமூச்சு விடுவதுமாக இருந்தது. உயிர்ப்பு அதிகாரி கண்ணை மூடிக் கேட்டு, நிறைவோடு தலையாட்டினார். இருபத்தேழாம் தேதி சாயங்காலம் முத்திரை குத்திச் சான்று வந்தது.

இருபத்தெட்டு காலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கை மேசையில் ஒரு சிஸ்டர் சான்றைப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொருத்தர் எங்க?"

"எந்த இன்னொருத்தர் சிஸ்டர்?"

"'குரல்: காஜா எடுக்கும் பெண். மூச்சு: இயக்குநர், குரல் ஆவண அலுவலகம்'னு இருக்கே. சம்மதம் ரெண்டு பேரோடது. ரெண்டு பேரும் வந்தாத்தான் உள்ள அனுப்ப முடியும். பட்டியல்ல ரெண்டு படுக்கை போட்டாச்சு."

மணி எட்டரை. பெரிய டாக்டர் பதினொன்றுக்கு முடித்துவிட்டுக் கிளம்புகிறார். சைக்கிள்காரர் அக்காவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அவர் வாழ்க்கையில் அப்படி மிதித்ததில்லை.

"என்னது, நானா?" என்றார் இயக்குநர். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அதை அங்க வந்து சொல்லுங்க சார். உங்க மூச்சு அங்க சம்மதிச்சிருக்கு."

இயக்குநர் சான்றை வாங்கிப் படித்தார். அவருடைய கையெழுத்து. அவருடைய முத்திரை. தவறு என்று சொன்னால், ஏழு வருடத்தில் முதல் தவறான சம்மதம் கட்டடத்தை விட்டு வெளியே போனதாக ஆகிவிடும். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். கேரியரில்தான் உட்கார்ந்து வந்தார், வேறு வண்டிக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கும் பச்சை அங்கி மாட்டினார்கள். அவருக்கும் கண்ணில் சொட்டு விட்டார்கள். "சிஸ்டர், எனக்கு இதுல விருப்பமில்லை" என்றார்.

"வாயால சொன்னா எடுத்துக்க முடியாது சார். பதிவு பண்ணி, உங்க ஆபீஸ்ல சான்று வாங்கிட்டு வாங்க. சீக்கிரம் ஆகுமா?"

இயக்குநர் படுத்துக்கொண்டார்.

பத்தரைக்கு அக்காவை உள்ளே கூட்டிப்போனார்கள். சைக்கிள்காரர் வெளியே நின்றார். போட்டிருந்த சட்டையின் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்துவிட்டார். இருபது நிமிடத்தில் முடிந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்து, "முத்தின புரைதான், ஆனா நல்லபடியா எடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு இயக்குநரின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "இவருக்கு எதுக்கு? இவருக்கு ஒண்ணுமே இல்லையே."

"பட்டியல்ல ரெண்டு கட்டு இருக்கு டாக்டர்" என்றார் சிஸ்டர்.

"அப்ப கட்டிவிடுங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

இயக்குநர் கண்ணாடி போடுகிறவர். கண்ணாடி இல்லாமல் வலது கண் அவருக்கு வெறும் மங்கல். அந்தக் கண்ணாடியை அங்கி மாட்டும்போதே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது கண்ணில் கட்டுப் போட்டதும், உத்தரத்தைப் பார்க்கிறோமா சுவரைப் பார்க்கிறோமா என்று தெரியாமல் கிடந்தார்.

மறுநாள் காலை டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கட்டை எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். சிஸ்டர் ஒரு தாளோடு வந்தார். "கட்டுப் பிரிக்கச் சம்மதம், முப்பது விநாடி..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், முடிச்சைத் தானே அவிழ்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பஞ்சை மெல்ல எடுத்தாள். இமை ஒட்டியிருந்தது. தம்பி நீட்டிய ஈரத்துணியால் ஒற்றினாள். திறந்தாள்.

"டேய்" என்றாள். "என்னடா உனக்கு இவ்வளவு நரைச்சுப்போச்சு?"

சைக்கிள்காரர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சிஸ்டர் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துப் படுக்கையிலிருந்து இயக்குநர் மெல்லிய குரலில் கூப்பிட்டார். "அம்மா... எனக்கும் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்களேன். உள்ள அரிக்குது. ராத்திரியிலேர்ந்து கேக்குறேன், பதிவு இல்லாம தொடமாட்டேங்கிறாங்க."

"விடுக்கா, கிடக்கட்டும்" என்றார் தம்பி.

"பாவம்டா, மனுஷன்" என்றாள் அக்கா. எழுந்து போய் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, நிதானமாகக் கட்டைப் பிரித்தாள். பஞ்சை எடுத்தாள். மேசையிலிருந்த கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

இயக்குநர் கண்ணைச் சிமிட்டினார். வெளிச்சம் பழகியது. எதிரே நிற்கும் அக்காவை முழுசாகப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கட்டு இல்லாத அவளுடைய இடது கண்ணைப் பார்த்தார். அவர் புருவம் மேலே போயிற்று.

"உங்க கட்டை யார் அனுமதியில எடுத்தீங்க?"

அக்கா அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பஞ்சை எடுத்தாள். பழைய இடத்திலேயே வைத்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவதாக ஒரு சுற்றும் சுற்றி, காதுக்குப் பின்னால் அழுத்தி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "கிளம்புடா" என்றாள் தம்பியிடம்.